இறக்கத்தின் வரலாறு: ஊவா மலைப்பாதைகளும் பிரேக் பட்டைத் தெரிவும்

தொழில்நுட்பத்தின் விமர்சன வரலாறு இன்னும் எழுதப்படவில்லை என்று கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் (1867) எந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தின் அடிக்குறிப்பொன்றிற் கூறினார். அவ்வாறான வரலாறு எழுதப்படின், பதினெட்டாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புகளுள் தனியொருவருக்கே உரியவை மிகச் சிலவே என்பது புலப்படும் என்பது அவர் கருத்து. எந்திரத்தை இயக்கும் ஆற்றலின் வரலாறு அதன்பின் ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. நீராவியும் பெற்றோலும் தத்தம் வரலாற்றாசிரியரைப் பெற்றுள்ளன. இயங்குவதை நிறுத்தும் கருவிக்கோ அத்தகைய கவனம் கிட்டவில்லை. மலையகப் போக்குவரத்தைப் பற்றி எழுதியோரும் பாதை எவ்வாறு மேலே ஏறிற்று என்பதையே விரித்துரைத்தனர். ஏறியவை எவ்வாறு இறங்கின, இறங்கும்போது யாருடைய உயிர் எதனை நம்பியிருந்தது என்பன பேசப்படவில்லை. ஊவா மாகாணத்தை, சிறப்பாகப் பதுளை மாவட்டத்தின் தோட்டப் பகுதியை, அந்த நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் முயற்சி. அதற்குரிய வாயிலாக மிகச் சிறிய பொருளொன்றை எடுத்துக்கொள்கிறோம். காரின் சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்பு வட்டை இருபுறமும் கௌவி நிறுத்தும் உராய்வுப் பட்டையே அது. வாகனப் பட்டறைகளில் இதனைப் ‘பேட்’ என்பர். பழைய உருளைவடிவப் பிரேக்கில் உட்புறமிருந்து அழுத்தும் வளைந்த பட்டைக்கு ‘லைனிங்’ என்று பெயர்.

தமிழில் ‘முட்டுக்கட்டை’ என்னும் சொல் இன்று இழிவழக்காகவே கையாளப்படுகிறது. முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடுபவன் என்று ஒருவனைப் பழிக்கிறோம். தேரோடும் வீதியில் அச்சொல்லின் பொருள் வேறு. வடம் பிடிப்போர் ஆயிரவராயினும், தேர் எங்கே திரும்பவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்போர் சக்கரத்தடியில் மரக்கட்டை செருகும் சிலரே. கட்டையின் சரிவும் மரத்தின் உறுதியும் அவர்கள் கையறிவு. ஒரு கணம் தவறினால் நசுங்குவதும் அவர்கள் கையே. வண்டிமாட்டுப் பாதையிலும் இவ்வறிவு இருந்தது. இறக்கத்தில் சக்கரத்தைச் சங்கிலியாற் பிணைத்து உருளாது இழுபடச் செய்வதும், சில்லில் மரக்கட்டையைக் கயிற்றால் இறுக்குவதும் உலகெங்கும் வண்டிக்காரர் அறிந்த வழிகளே. உழைப்போர் தமக்கெனக் கண்ட பாதுகாப்பைக் குறித்த சொல்லொன்று தடைக்குரிய வசைச் சொல்லாய்த் தேய்ந்தமை மொழிவரலாற்றில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இன்றைய உராய்வுப் பட்டையின் மூலமும் ஒரு மலைப்பாதையிலேயே உள்ளது. இங்கிலாந்தின் டார்பிஷயர் குன்றுகளில், இறக்கத்தில் வண்டியோட்டுவோர் தேய்ந்துபோன சப்பாத்துத் தோலைப் பிரேக் கட்டையிற் பொருத்துவதை ஹேர்பேட் ஃபுரூட் என்பவர் கண்டார். வெறும் மரத்தைவிடத் தோல் சிறப்பாகப் பற்றிற்று. 1897இல் அவர் தொடங்கிய தொழிலே பின்னர் ஃபெரோடோ என்ற பெயரில் உலகெங்கும் பரவிற்று. அப்பெயர் அவர் குடும்பப் பெயரின் எழுத்துகளை மாற்றி அடுக்கி, ஓரெழுத்துச் சேர்த்து அமைந்தது. முதலிற் பருத்திப் பட்டையும் பின்னர் கல்நார் நெசவும் மூலப்பொருளாயின. பெயர் தெரியாத வண்டிக்காரரின் பழஞ்சப்பாத்து நிறுவனமொன்றின் வணிகச் சின்னமாக மாறிய கதை, மார்க்சின் அடிக்குறிப்புக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டாத அளவுக்கு அமைந்துள்ளது.

ஊவா 1886இல் தனி மாகாணமாயிற்று. 1869இல் வெளிப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்துக்கொண்டிருக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்த காலம் அது. புகையிரதம் 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924இலேயே அந்நகருக்கு ரயில் வந்தது. பட்டிப்பொலைக்கு அருகே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,898 மீற்றரில் உச்சத்தைத் தொடும் இப்பாதை, பதுளையில் 700 மீற்றருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தெமோதரையில் பாதை தன்னையே சுற்றித் தனக்குக் கீழாகச் செல்வது சுற்றுலாப் பயணிகள் வியக்கும் காட்சி. அச்சுற்று அழகுக்காக அமைக்கப்பட்டதன்று. சரிவை வரம்புக்குள் வைத்திருத்தற்குப் பாதையை நீட்டவேண்டியிருந்தது. அதாவது இரும்புப் பாதையில் முதலாளித்துவம் இறக்கத்தின் ஆபத்தைக் கணக்கிட்டு, அதற்கெனச் செலவுஞ் செய்தது. தேயிலைப் பெட்டிகள் சேதமின்றிக் கொழும்புத் துறைமுகத்தை அடையவேண்டுமல்லவா? தோட்டத்து உட்பாதைகளில் அத்தகைய கணக்கு இருக்கவில்லை. கொழுந்து ஏற்றும் வண்டிக்கும், பிற்காலத்தில் லொறிக்கும் உழவு இயந்திரப் பெட்டிக்கும் நேரே கீழிறங்கும் செங்குத்துப் பாதையே போதுமெனக் கருதப்பட்டது.

இப்பின்னணியிலேயே மோட்டார்ப் பந்தயத்தின் வருகையை நோக்கவேண்டும். நுவரெலியாவின் மஹகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. சித்திரை மாதத்து நுவரெலியா ‘சீசன்’ காலக் கேளிக்கைகளோடு அது இணைந்தது. குடியேற்ற ஆட்சிக்காலத்தில் துரைமார் வர்க்கத்தின் பொழுதுபோக்காகவே அது இருந்தது. இங்கே ஒரு முரண்பாடு உண்டு. மலையேற்றப் பந்தயம் ஏறுவதற்கே பரிசளிக்கிறது. காரொன்று கீழிருந்து மேலே, கடிகாரத்தோடு போட்டியிட்டு, சில நிமிடத்துள் தன் ஓட்டத்தை முடித்துவிடும். புவியீர்ப்பு அதற்குத் துணையான பிரேக். சாரதி பிரேக்கை மிதிப்பது சில வளைவுகளில் மாத்திரமே. பட்டையும் வட்டும் சூடேறுவதற்கே நேரமிராது. ஆனால் பந்தயம் முடிந்து அதே காரில் வெலிமடை, ஹாலிஎல வழியாகப் பதுளைக்குத் திரும்புபவன் ஏறத்தாழ 1,200 மீற்றர் கீழிறங்கவேண்டும்.

எளிய பௌதிகக் கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள கார் நூறு மீற்றர் உயரம் இறங்கும்போது இழக்கும் சக்தி, அக்கார் மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது கொண்டிருக்கும் சக்திக்கு ஏறக்குறையச் சமன். எனவே எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு, ஏறத்தாழ 800 மீற்றர் இறங்கும் சாதாரணப் பயணி, அவ்வேகத்திலிருந்து எட்டு முறை காரை முற்றாக நிறுத்துவதற்கு ஒப்பான வெப்பத்தை எங்காவது கொட்டித் தீர்க்கவேண்டும். காற்றின் தடையும் எஞ்சினின் தடையும் ஒரு பங்கை ஏற்கும். தாழ்ந்த கியரில் இறங்காதவனுக்கு மிகுதி முழுவதும் பிரேக்கின் தலையிலேயே விழும். பந்தயத்தைக் காட்டிலும் பாதையே பிரேக்குக்குக் கடுமையான சோதனை என்பது ஊவாவின் தனித்தன்மை. பந்தயத் திடலுக்கென ஒன்று, வீதிக்கென ஒன்று எனச் சமவெளி நாடுகளிற் செய்யப்படும் பாகுபாட்டை இங்கே அப்படியே பொருத்தமுடியாது.

அப்பாகுபாடு யாது? உராய்வுப் பட்டை ஒவ்வொன்றும் ஒரு வெப்பநிலை எல்லைக்கென ஆக்கப்படுவது. வீதிக் காருக்குரிய பட்டை, இழைகளையும் தூள்களையும் பிசினால் ஒட்டி அழுத்திச் செய்யப்படுவது. காலைக் குளிரிலும் முதல் மிதியிலேயே பற்றும், ஓசையெழுப்பாது, வட்டை அதிகம் தேய்க்காது. ஏறத்தாழ 350, 400 பாகை செல்சியசைக் கடந்ததும் அது தளர்கிறது. பிசின் வெந்து ஆவியாகி, பட்டைக்கும் வட்டுக்குமிடையே மெல்லிய படலமாகப் பரவும். பந்தயப் பட்டையோ உலோகத் தூள் மிகுந்தது. அவ்வெப்பத்தைக் கடந்தும் தளராது. ஆனால் குளிர்ந்திருக்கும்போது அது வழுக்கும். வட்டை அரைக்கும், கீச்சிடும், கரிய தூளை உமிழும். ஒரே காரை இரண்டுக்கும் பயன்படுத்துவோன் இவற்றுள் ஒன்றை இழந்தே மற்றதைப் பெறவியலும். இரண்டுக்கும் ஏற்றதென விற்கப்படும் இடைநிலைப் பட்டைகள் உண்டு. அவை இரண்டையும் ஓரளவு செய்கின்றன என்பதே உண்மை. கட்டுகுருந்தையின் பழைய விமான ஓடுதளம் போன்ற சமதரைத் திடலில், நெடிய நேர்கோட்டின் முடிவில் மீண்டும் மீண்டும் கடும் வேகத்தைக் குறைக்கவேண்டிய இடத்தில், பந்தயப் பட்டை அவசியம். அதனைத் திடலிலேயே பொருத்தி, திடலிலேயே கழற்றி வருவதே அறிவுடைமை. மஹகஸ்தோட்டைக்கு அது பொருந்தாது. பட்டை சூடேறுமுன் பந்தயம் முடிந்துவிடும். நல்ல வீதிப் பட்டையே அங்கு விரைவாகப் பற்றும். அதே பட்டை, தாழ்ந்த கியரின் துணையோடு, பதுளை வரையும் தாங்கும்.

பட்டையின் விளிம்பிற் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது தாழ்ந்த வெப்பநிலையிலும் இரண்டாவது உயர்ந்த வெப்பநிலையிலும் உராய்வுக் குணகத்தைக் குறிப்பன. ‘ஈ’ எனில் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ எனில் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ எனில் 0.45 முதல் 0.55 வரை. முதலெழுத்து உயர்ந்தும் இரண்டாமெழுத்துத் தாழ்ந்தும் உள்ள பட்டை சந்தையில் இனிமையாக நிறுத்தும், மலையிற் கைவிடும். ஆயினும் பட்டையை மாத்திரம் மாற்றிப் பிரேக் எண்ணெயை மறந்தவன் பாதி வேலையையே செய்தவனாவான். ‘டொட் 3’ வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகைக்குக் குறையாத வெப்பத்திற் கொதிக்கவேண்டும் என்பது நியமம். ஈரம் உறிஞ்சியபின் அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கும். ‘டொட் 4’ வகைக்கு இவை முறையே 230, 155. ஈரத்தை ஈர்ப்பது அவ்வெண்ணெயின் இயல்பாதலின், மழையும் மூடுபனியும் மலிந்த மலைநாட்டில் அதனைக் காலந்தவறாது மாற்றுவது மிகையன்று. பட்டை தளர்ந்தால் மிதி காலின் கீழ் இறுகி நிற்கும், கார் நிற்காது. எண்ணெய் கொதித்தால் மிதி தரைவரை அமிழ்ந்துவிடும். இவ்விரண்டையும் காலாலேயே பிரித்தறிவது சாரதிக்கு உயிர்காக்கும் அறிவு.

உருளைப் பிரேக்கிலிருந்து வட்டுப் பிரேக்குக்கு மாறியதும் பந்தயத்தின் வழியேதான். லான்செஸ்டர் 1902இலேயே வட்டுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் 1953இல் லே மான் பந்தயத்தை ஜாகுவார் கார் டன்லொப் வட்டுப் பிரேக்குகளோடு வென்ற பின்னரே அது உலகின் கவனத்தை ஈர்த்தது. சூடேறிய உருளை விரிந்து பட்டையை விட்டு விலகுகிறது. சூடேறிய வட்டோ தடித்துப் பட்டையை நோக்கி வருகிறது. காற்றும் அதனைத் தொட்டுக் குளிர்விக்கிறது. 1950களின் நடுப்பகுதிக்குள் டிரையம்ப் டி.ஆர். 3 போன்ற விற்பனைக் கார்களில் முன்சில்லுக்கு வட்டு வந்துவிட்டது. அவ்வாகனத்தை வாங்கவல்லவன் இறக்கத்தின் அச்சத்தினின்று ஓரளவு விடுதலையை விலைகொடுத்து வாங்கினான். அவனது தோட்டத்து லொறியோ உருளைப் பிரேக்கிலேயே தொடர்ந்து இறங்கியது. ஒரே பாதை, ஒரே சரிவு. பிரேக் மட்டும் வர்க்கத்துக்கேற்ப வேறுபட்டது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் பெரும்பகுதியினரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கெனவும் 3,00,000 பேரை இலங்கைக்கெனவும் பங்கிட்டது. 1972இலும் 1975இலும் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தங்களோடு கம்பனித் துரைமாரின் காலம் முடிந்தது. அவர்களுடைய கார்கள் கைமாறின. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த காலத்தில் உதிரிப்பாகம் அரும்பொருளாயிற்று. பழைய பிரேக் ஷூவிலிருந்து தேய்ந்த லைனிங்கை உடைத்தெடுத்து, புதியதை ஆணியடித்துப் பொருத்தும் கைத்தொழில் அப்போது பட்டறைகளுக்கு உயிர்நாடியாய் விளங்கியது. தோட்டத்தை விட்டு வெளியேற வழிதேடிய தொழிலாளர் பிள்ளைகளுக்கு நகரத்துக் கடையும் பட்டறையும் கிட்டிய வாயில்களாயின.

அப்பட்டறையின் தூளைப் பற்றிச் சொல்லாது மேற்செல்லவியலாது. அக்காலத்து லைனிங்கில் கல்நார் கலந்திருந்தது. உருளையைக் கழற்றி, உள்ளே படிந்த தூளைக் காற்றழுத்தத்தால் ஊதித் தள்ளுவது வழக்கமான முறை. பதுளைக்கு ரயில் வந்த அதே 1924இல், இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்துக் கல்நார் ஆலையொன்றிற் பணிபுரிந்த நெல்லி கேர்ஷோ என்ற பெண் தொழிலாளி தம் முப்பத்துமூன்றாம் வயதில் நுரையீரல் நோயால் இறந்தார். கல்நார்த் தூளே காரணமென மருத்துவ இதழொன்றில் வில்லியம் குக் எழுதினார். 1931இல் பிரித்தானியா அவ்வாலைகளுக்கு ஒழுங்குவிதி இயற்றியது. கல்நாரை முற்றாகத் தடைசெய்ய அந்நாட்டுக்கு 1999 வரை சென்றது. ஆலைத் தொழிலாளிக்கே இவ்வளவு காலமெனில், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் அந்த லைனிங்கை அரத்தால் அராவிப் பொருத்திய பையனைப் பற்றி எந்த விதியும் எண்ணவில்லை என்பதில் வியப்பில்லை. கல்நார் நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் எடுக்கும். நோய் வரும்போது பட்டறை முதலாளியும் மாறியிருப்பார், சான்றும் எஞ்சாது.

ஊவாவுக்கே உரிய பந்தயக் களம் தியத்தலாவையில் அமைந்தது. 1900இல் போவர் யுத்தக் கைதிகளுக்கு முகாமாகிய தியத்தலாவை பின்னர் படைத்தளமாயிற்று. எச்.எம்.எஸ். ஃபொக்ஸ் என்ற கப்பலின் மாலுமிகள் குன்றிற் கல்லடுக்கி வரைந்த நரியுருவே ஃபொக்ஸ் ஹில் என்ற பெயருக்குக் காரணம். இராணுவப் பயிற்சிக் கழகத்தைச் சார்ந்த அவ்விடத்தின் மண்பாதைப் பந்தயம், மஹகஸ்தோட்டையைப் போலன்றிப் பெருந்திரளான மக்களை ஈர்த்தது. 2024 ஏப்ரில் 21ஆந் திகதி அங்கு காரொன்று கவிழ்ந்தது. வேகத்தைக் குறைக்குமாறு ஏனைய சாரதிகளுக்குச் சமிக்ஞை காட்டப்பட்டும், பிறிதொரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்துட் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட எழுவர் மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இங்கு கவனிக்கவேண்டியது பட்டையின் தரத்தையன்று. இளகிய மண்ணில் எத்துணைச் சிறந்த பட்டையும் ரயர் தரையைப் பற்றும் அளவுக்கு மேல் நிறுத்தமுடியாது. சில்லு பூட்டிக்கொண்டால் கார் வழுக்கிச் செல்லும், திசை கட்டுப்படாது. அத்தகைய களத்தில் பார்வையாளருக்குரிய பிரேக், பாதைக்கும் அவர்களுக்குமிடையே விடப்படும் தூரமும் தடுப்பரணுமே. காருக்குள் இருப்பவனுக்கு இரும்புக் கூடும் தலைக்கவசமும் இருந்தன, மண்மேட்டில் நின்றவர்களுக்கு எதுவும் இருக்கவில்லை.

பந்தயக் காருக்குரிய பட்டையைத் தெரிந்தெடுப்பது பற்றி நூல்களும் விளம்பரங்களும் ஏராளம். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை என மலையிடுக்குகளில் நாளுக்குப் பலமுறை ஏறியிறங்கும் பேருந்தின் லைனிங்கை யார், எந்த விலைக்கு, எதனைக் கருதித் தெரிகின்றனர் என்ற வினாவுக்கு அத்தகைய இலக்கியம் இல்லை. நாளொன்றின் வசூலும் லைனிங்கின் விலையும் எதிரெதிரே வைக்கப்படுமிடத்து, தெரிவு என்னும் சொல்லே பொருளிழக்கிறது. 2020 மார்ச்சு முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், அதிலும் 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது, பழைய வாகனங்களே மேலும் பழையனவாகி ஓடின. கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகச் சந்தையே பலருக்குக் கதியாயிற்று.

ஊவாவின் விபத்துகள் யாவற்றையும் பிரேக்கின் மேல் சுமத்துவது ஆய்வு நேர்மையாகாது. 2021 மார்ச்சு 20இல் பசறைக்கு அருகே பதின்மூன்றாம் மைற்கல்லில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பதினான்குக்கும் குறையாதோர் மாண்டபோது, பாறையொன்று சரிந்து பாதையை ஒடுக்கிக் கிடந்தது. அதனை அகற்றாது விட்ட நிர்வாகமும் அவ்விபத்தின் பங்காளியே. 2025 செப்டெம்பர் 4இல் எல்ல - வெல்லவாய வீதியில், தங்காலை நகரசபை ஊழியர் சுற்றுலா சென்ற பேருந்து பள்ளத்தில் பாய்ந்து பதினைவர் இறந்தனர். மேலே நாம் கணக்கிட்ட அதே இறக்கம் அது. பத்துத் தொன் எடையுள்ள பேருந்தாயின் ஆயிரம் கிலோகிராம் காருக்குரிய வெப்பத்தைப் பத்தாற் பெருக்கிக்கொள்ளவேண்டும்.

நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முச்சக்கர வண்டிகள் பதிவாகியுள்ளன. லயத்திலிருந்து பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிரதான வீதிக்கும் செல்லத் தோட்டத்தவர்க்கு இன்று அதுவே வாகனம். மூவர்க்குரிய ஆசனத்தில் ஆறு பிள்ளைகளை ஏற்றி, கொங்கிரீற்றுச் சரிவில் முதற் கியரில் இறக்கும் சாரதியின் காலடியில் இருப்பது சிறிய உருளைப் பிரேக். பட்டையின் விளிம்பு எழுத்துகளை அவர் அறியார். ஆனால் எரியும் லைனிங்கின் மணத்தை அறிவார். அம்மணம் எழுந்தால் ஓரமாய் நிறுத்தி ஆறவிடவேண்டும், சூடான உருளைமேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, இறங்கத் தொடங்குமுன்னரே கியரைக் குறைக்கவேண்டும் என்பனவெல்லாம் சாரதியிலிருந்து சாரதிக்கு வாய்மொழியாகவே கைமாறுகின்றன. மலையக மக்களின் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து வைத்தார். இவ்வறிவு இன்னும் ஏட்டில் ஏறவில்லை. வாகன வருமான உத்தரவுப்பத்திரத்துக்கு 2008 முதல் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை கட்டாயமாயிற்று. அப்பரிசோதனை நிலையத்தில் முச்சக்கர வண்டியின் எஞ்சின் இயக்கப்பட்டு, அது வெளிவிடும் புகை அளக்கப்படுகிறது. பிரேக்கை எவரும் மிதித்துப் பார்ப்பதில்லை.